இலையின் இடது ஓரம்

விமானம் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் மேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இடி இடித்தால் என்ன செய்வீர்கள், மேலே போனதும் தூக்கம் வராதா, இப்படி. தரையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வேர்த்ததெல்லாம் தரையில்தான். ஓடுபாதையை விட்டுத் திரும்பி, நிற்க வேண்டிய இடம் வரை விமானத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு போவதை எங்கள் தொழிலில் டாக்ஸி என்பார்கள். மூக்கு நுனியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். இறக்கைகளின் முனைகள் எங்களுக்கு வெகு பின்னால், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வரும். வழியில் பெட்டி ஏற்றும் வண்டி, எரிபொருள் லாரி, ஏணி வண்டி, எங்கிருந்தோ வந்த நாய், எது வேண்டுமானாலும் இருக்கலாம். மயிலாப்பூர் மாடவீதியில் சாயங்கால நேரத்தில் பெரிய வேன் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கேப்டனுக்கு இடது சீட், துணை விமானிக்கு வலது சீட். என் பக்கத்து இறக்கை அவருக்குத் தெரியாது, அவர் பக்கத்து இறக்கை எனக்குத் தெரியாது. ஆகவே திரும்புவதற்கு முன் அவரவர் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "லெஃப்ட் கிளியர்." "ரைட் கிளியர்." மற்றவர் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

வீட்டிலும் எங்களுக்கு இதே பழக்கம். கார் ஓட்டுவது என் மனைவி. லீவு நாளிலும் நான் எதையாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று சாவியை அவளிடம் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் என்பதால் அங்கேயும் எனக்கு இடது சீட்தான். ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் முனையில், இடது கைப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒட்டி ஓர் இளநீர் வண்டி. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது. "லெஃப்ட் பாருங்கோ" என்பாள். நான் எட்டிப் பார்த்து "கிளியர்" என்பேன். அவள் ஒரு நாளும் மறுபடி கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை சாதாரணமான காலைதான். இறங்கி, ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, நிற்கும் இடத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்கம் பார்த்தேன். வெறும் சிமெண்ட் தரை. "லெஃப்ட் கிளியர்" என்றேன். வலது சீட்டிலிருந்த பெண்ணும் தன் பக்கத்தைச் சொன்னாள். திருப்பினேன். பாதித் திருப்பத்தில் எதையோ பார்த்துவிட்டு "ஸ்டாப் சார்!" என்று கத்தியபடி அவளே பிரேக்கை அழுத்திவிட்டாள். எதிரே எங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த ஊழியர் நிறுத்தச் சொல்லி இரண்டு கோல்களையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னால், வழக்கம்போல நிற்பதற்கு முன்பே எழுந்துவிட்ட இரண்டு பயணிகள் தடுமாறி விழுந்தார்கள். பெரிய அடி இல்லை. இறங்கிப் பார்த்தேன். சாப்பாடு ஏற்றும் லாரி, வண்டிகளுக்கென்று தரையில் போட்டிருக்கும் சிவப்பு எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. அதற்கும் என் இறக்கை முனைக்கும் நடுவே ஓர் ஆள் நின்று கைகளை நீட்டினால் இரண்டையும் தொடலாம்.

லாரி கோட்டைத் தாண்டி நின்றது உண்மை. ஆகவே எல்லோரும் லாரியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். விசாரணை அறிக்கை வரும்வரை வீட்டில் இருங்கள் என்றார்கள். வீட்டில் இருந்தேன். பேப்பர் படிக்கும்போது வரி எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். தெருமுனையில் அவள் கேட்டாள், நான் பார்த்துச் சொன்னேன், அவள் காரை எடுத்தாள். உடனே பிரேக். எதிர்த்திசையில் வந்த ஒரு மொபெட், பின்னால் மீன் கூடையோடு, எங்கள் பம்பருக்கு முன்னால் ஆடி நின்றது.

"யம்மா, இன்னாமா வண்டி ஓட்ற? கண்ணு தெரில?" என்றார் அவர். கூடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போனார்.

"கிளியர்னு சொன்னேளே" என்றாள் மனைவி.

"ராங் சைடுல வந்தா யாருக்குத் தெரியும்?" என்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டு போனார்கள். பாயசம், பச்சடி, கறி, கூட்டு எல்லாம் வந்தது. சாதம் விழுந்தது, பருப்பு விழுந்தது. உப்பைக் காணோம். "உப்பு போடலையே" என்று கூப்பிட்டேன். பரிமாறுகிற பையன் என் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குனிந்து போட்டுவிட்டு நகர்ந்தான். அப்போதும் உப்பு இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.

"மாமா, ரெண்டு தடவை போட்டாச்சே" என்றான் அவன்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். இலையின் இடது ஓரத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில், இரண்டு குவியல் உப்பு. பக்கத்தில் மாங்காய் ஊறுகாய். கழுத்தை நேராக்கி நடு இலையைப் பார்த்தேன். உப்பு போய்விட்டது. திருப்பினால் இருந்தது. நேராக்கினால் இல்லை. இல்லாத இடத்தில் இருட்டாக ஏதாவது தெரியும் என்று நினைப்பீர்கள். இருட்டு எதுவும் இல்லை. பச்சை இலை தெரிந்தது, நன்றாகக் கழுவித் துடைத்த பச்சை. அன்றைக்கு லாரி நின்ற இடத்தில் எனக்குச் சிமெண்ட் தரை தெரிந்ததும் இப்படித்தான்.

பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்து இருக்குமே, உள்ளே முழுக்க அப்படி இருந்தது. ரசம் ஊற்றினார்கள். சாப்பிட்டேன். மோர் சாதமும் சாப்பிட்டேன். மனைவி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம்.

காரில் உட்கார்ந்ததும் அலுவலகத்திலிருந்து போன். தப்பு முழுக்க லாரி மேல்தான், உங்கள் பக்கம் எதுவும் இல்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்து பறக்கலாம் என்றார்கள். ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா" என்றாள். "நான் அப்பவே சொன்னேனோல்லியோ? மூணு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சுண்டு இருந்தேளே."

என் கண் விஷயம் யாருக்கும் தெரியாது. அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கழுத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் போதும் என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. அதுவும் என் மனசுதான், வேறு யாருடையதோ இல்லை. கல்யாண மண்டபத்துச் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு பூக்கடைத் தட்டி. அவள் காரை மெதுவாக்கினாள்.

"லெஃப்ட் பாருங்கோ."

பார்த்தேன். காலியான ரோடு தெரிந்தது. ஒரு வண்டியும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. அவள் கால் பிரேக்கிலிருந்து எழுந்துவிட்டது.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியல" என்றேன்.

"தட்டி மறைக்கறதா?"

"இல்ல. கண்ணு தெரியல. அன்னிக்கும் தெரியல."

அவள் பிரேக்கை அழுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் காரை ஓரங்கட்டக்கூட இல்லை.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கும் இடத்தில் ஒரு சின்ன ரத்த அடைப்பு, வலி இல்லாமல் வந்து போயிருக்கிறது, எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தூக்கத்தில்கூட வந்திருக்கலாம். போன பார்வை திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. விமானம் ஓட்ட முடியாது என்பதை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அழுகை இன்றுவரை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது.

இப்போதும் காரில் எனக்கு இடது சீட்தான். தெருமுனை வந்ததும் அவள் என்னைக் கேட்பதில்லை. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, என் மேல் குனிந்து, என் பக்கத்து ஜன்னல் வழியாக அவளே பார்க்கிறாள். "கிளியர்" என்று பழக்கதோஷத்தில் அவளே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் தலையைச் சீட்டோடு ஒட்டவைத்து, மறைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.