மாரிக்கனி கிள்ளிய கொழுந்து

மாரிக்கனியின் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசல் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி முந்தியில் முடிந்துகொண்ட பிறகுதான் பந்தியில் உட்காருவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு திசு வளர்ப்பு லேபில் வேலை பார்க்கிறவள். ஒரு கொழுந்து கிடைத்தால் போதும், அதைக் கழுவி, பாட்டிலில் சத்துக் கூழ் ஊற்றி அதில் நட்டு, ஒன்றை நூறாக்கிவிடுவாள். அந்த வித்தை கைவந்த நாளிலிருந்து கூமாப்பட்டியில் எந்தச் செடியைப் பார்த்தாலும் அவளுக்கு விரல் அரிக்கும்.

அதிகமாக அரித்தது பக்கத்து வீட்டு வெள்ளத்தாயின் கத்திரிச் செடியைப் பார்த்துத்தான். எப்படியோ கலந்து முளைத்த ஒரே ஒரு செடி. அதன் காய் சட்டியில் போட்டதும் வெண்ணெயாய் வதங்கும். விதை கேட்டவர்களுக்கெல்லாம் வெள்ளத்தாய் சிரித்த முகத்தோடு அள்ளிக் கொடுப்பாள். அதில் முளைப்பது ஒன்றுகூடத் தாயைப் போலக் காய்க்காது என்பது அவளுக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் கசப்புக் காயைத் தின்றுகொண்டே அவளைத் தர்மவதி என்பார்கள்.

ஒரு நாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போன மாரிக்கனி, நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டாள். பழி எதிர் வீட்டுப் பொன்னுராஜின் வெள்ளாட்டின் மேல் விழுந்தது. "ஆடோ ஆளோ, இனி என் செடியத் தொட்டா கால கைய ஒடிச்சிப்புடுவேன்!" என்று வெள்ளத்தாய் தெருவில் நின்று கத்தியபோது, "அதானே மதினி!" என்று முதலில் ஒத்துப் பாடியவள் மாரிக்கனிதான்.

லேபில் அப்போது செயற்கை விதை செய்து பழகச் சொல்லியிருந்தார்கள். பாட்டிலில் பெருகிய குருத்துத் துண்டுகளைக் கூழில் தோய்த்து உருட்டி எடுத்தால் வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். வெள்ளத்தாயின் கத்திரியை அப்படி உருட்டி லேப் பிரிட்ஜில் வைத்துவிட்டு மாரிக்கனி திருட்டுச் சந்தோஷத்தோடு திரிந்தாள்.

ஆடியில் வாடல் நோய் வந்து செடி துவண்டு செத்தது. வெள்ளத்தாய் சாப்பாட்டைத் தொடவில்லை. மாரிக்கனி பிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினாள். கொடுத்தால் களவு வெளியே வரும், கொடுக்காவிட்டால் மதினி இப்படியே கிடப்பாள். உருண்டைகளை லேபில் முளைக்க வைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஒரு தட்டு நாற்றோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஆபீஸ்ல குடுத்தாவ மதினி. ஏதோ புது ரகமாம்."

வெள்ளத்தாய் ஓர் இலையைத் தடவினாள். "ஏட்டி, இது என் செடில்லா!" என்றவள் தட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் மாரிக்கனியின் கையைப் பிடித்தாள். ஒடிக்கத்தான் போகிறாள் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"களவாணிச் சிறுக்கி, அந்த ஆட்ட எம்புட்டு ஏசிட்டேன்!" என்றாள் வெள்ளத்தாய். பிறகு தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கான்சாபுரத்துல என் நாத்தனா ஒரு பாகக்காக் கொடி வச்சிருக்கா. ஒரு காய் தரமாட்டா. அதுக்குக் கத்தி கொண்டு போணுமா, கையாலயே கிள்ளலாமா?"

மாரிக்கனியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மத்தியான பஸ்ஸில் இருவரும் கான்சாபுரம் போய் இறங்கினார்கள். என்றைக்கும் இல்லாமல் மதினி வந்திருக்கிறாளே என்று பூரித்துப்போன நாத்தனார், அவர்களைத் தோட்டத்தில் உட்காரவைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.