வெண்டல் எழுதாத சனிக்கிழமைகள்

ரோண்டாவின் நேரலைக்கு முதன்முதலில் வந்த பார்வையாளர் வெண்டல். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பிக்டூ ஊரில், தன் சமையலறையில் கேமராவை வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் காலுறை பின்னுவாள் அவள். வெண்டல் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பின்னத் தெரியாது, ஆனால் கண் கூர்மை.

"மேடம், ரெண்டு வரிசைக்கு முன்னாடி ஊசியிலேருந்து ஒரு கண்ணி நழுவிடுச்சு" என்று அரட்டையில் எழுதுவார்.

"வந்துட்டாருப்பா இன்ஸ்பெக்டர்!" என்று சிரித்தபடியே அந்த இடம் வரை பின்னலைப் பிரித்துச் சரிசெய்வாள். இந்த வம்பைப் பார்க்கவே ஆட்கள் சேர்ந்தார்கள்.

காலுறையின் குதிகாலைப் பின்னும் அவளுடைய வீடியோ ஒன்று திடீரென்று எங்கெங்கோ பரவியது. புதிதாக வந்த கூட்டத்தில் சிலர் அசிங்கமாக எழுதினார்கள். சந்தா கட்டியவர்கள் மட்டுமே அரட்டையில் எழுதலாம் என்று மாற்றினாள். தொல்லை நின்றது. வெண்டல் எழுதுவதும் நின்றுபோனது. இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. கூட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே கிடந்து உறுத்தியது ஒரு சனிக்கிழமை வாயில் வந்துவிட்டது.

"சில பேருக்கு நாம சின்னதா இருக்கற வரைக்கும்தான் பிடிக்கும். நாலு பேர் வந்துட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. என்ன இன்ஸ்பெக்டர், சரிதானே?"

அரட்டையில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின.

இலையுதிர்காலத்தில் ட்ரூரோ ஊர்க் கைவினைச் சந்தையில் அவள் கடை போட்டிருந்தாள். உயரமான முதியவர் ஒருவர் ஒரு காலுறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் நழுவலயே, மேடம்."

"வெண்டல்! எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகல. வாராவாரம் பாக்கறேன். எழுதத்தான் விட மாட்டேங்குது. சந்தா கட்டலாம்னா கார்டு நம்பர் கேக்குது. ஒருதடவை நெட்ல குடுத்து ஏமாந்தவன் நான். இனிமே குடுக்க மாட்டேன்னு வீட்டுக்காரிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்போ... அன்னிக்கு நான் சொன்னது?"

"கேட்டேன்." காலுறையை மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார். "பதில் எழுதிப் பாத்தேன். போகல."

"தப்புப் பண்ணிட்டேன், வெண்டல். இந்த சனிக்கிழமையே எல்லாருக்கும் தொறந்து விட்டுடறேன். வருவீங்கல்ல?"

"பாக்கலாம்மா" என்று தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

சனிக்கிழமை அரட்டையைத் திறந்துவிட்டாள். பின்னல் ஊசியில் முதல் கண்ணிகளைப் போட்டபின், மேலே தொடராமல் உட்கார்ந்திருந்தாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

'யாருக்கு வெயிட்டிங்?' என்று ஒருத்தி எழுதினாள்.

"பழைய ஆள் ஒருத்தர்" என்றாள் ரோண்டா.

பின்னத் தொடங்கினாள். கணுக்கால் அருகே வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டாள். அரட்டையில் பாராட்டுகள் ஓடின, இதயங்கள் பறந்தன. பாதம் வரை வந்தும் நழுவிய கண்ணியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே அந்தக் கண்ணி வரை பிரிக்க ஆரம்பித்தாள்.