துருக்கி மருமக

மருமகளுக்காகத்தான் துருக்கி பாஷை படிக்க ஆரம்பிச்சேன். பயந்த அளவுக்கு இல்லை. நம்ம மாதிரியே எல்லாம் சொல்லோட வால்ல ஒட்டிக்குது. எவ்னா வீடு, எவ்தேன்னா வீட்டுல. 'என்'கூட அவங்களுக்குப் பின்னாடிதான்: எவிம்னா என் வீடு, எவிம்தேன்னா என் வீட்டுல. அடுப்படியில காய் நறுக்கிக்கிட்டே, போன்ல பாஷை கத்துக்கற ஆப்பைப் போட்டு உரக்கச் சொல்லுவேன். பையன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

போன வருஷம் ஃப்ரீவே ஆக்சிடென்ட்ல அவன் போயிட்டான். மருமகளும் நாலு வயசுப் பேத்தியும் எங்ககூடத்தான் இருந்தாங்க. அந்தக் குழந்தை இருந்ததாலதான் எங்களுக்குச் சோறு இறங்குச்சு.

ஒருநாள் காலையில மருமக இங்கிலீஷ்ல கேட்டா: "எங்கம்மா இஸ்தான்புல்லுக்கே வந்துடச் சொல்றாங்க. போகட்டுமா?" என் வீட்டுக்காரர் காபியைப் பார்த்துக்கிட்டே, "உன் குழந்தை, உன் இஷ்டம்"னார். நம்ம வீடுகள்ல அதுக்குப் 'போகாதே'ன்னு அர்த்தம். "ஐயோ, நான் போகலை மாமா"ன்னு இவ சொல்லணும், அவர் "ம்"ங்கணும், அவ்வளவுதான். பாவம், இஸ்தான்புல்காரிக்கு இந்தக் கூத்தெல்லாம் எங்க தெரியும்? தலையாட்டிட்டு எழுந்து போயிட்டா.

மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து ரூம்ல அவ அம்மாகிட்ட போன்ல அழறா, துருக்கி பாஷையில. "அவங்க பையனே இல்லை. இனிமே நாங்க அவங்களுக்கு யாருமில்லைம்மா." ஒரு எழுத்து விடாம புரிஞ்சுது. ஓடிப்போய் அவ பாஷையிலயே சொன்னேன்: "போகாதே. இது உன் வீடு." கட்டிப்பிடிச்சு அழுதா. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "அப்பாவும் சொல்லட்டும், இருக்கேன்"னா. மாமனாரை அவ அப்பான்னுதான் கூப்பிடுவா.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்!"னு அவர்கிட்ட கத்தினேன். "அதான் காலையிலயே சொல்லிட்டேனே. இன்னும் கால்ல விழுந்து கெஞ்சணுமா?"ன்னார். டிக்கெட் போடுற வரைக்கும் தினம் கத்தினேன். அசையணுமே! ஏர்போர்ட்ல அவ கடைசியா அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. மனுஷன் குனிஞ்சு பெட்டியைத் தூக்கி பெல்ட்ல வச்சார்.

இப்போ வீடியோ கால்ல பேத்தி துருக்கி பாஷையில மட்டும்தான் பேசறா. போன ஞாயித்துக்கிழமை, "என் தாத்தா எப்போ வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போவார்?"னு கேட்டா. அவர் என் தோளுக்கு மேல எட்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன சொல்றா? என்னை ஏதாவது கேக்கறாளா?"

"இல்லை"ன்னேன்.