இடுப்பளவுச் சுவர்

சொந்தக் காசில் ஒரு கூண்டு செய்து, அதற்குள் நானே போய் மாட்டிக்கொண்டேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பைக் கட்டியவர்கள், அடுத்தடுத்த இரண்டு வீட்டுப் பால்கனிகளுக்கு நடுவில் இடுப்பளவுச் சுவர்தான் எழுப்பினார்கள். தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்குத் தாண்டிப் போவதற்காக. கட்டடக்கலை பற்றி நாலு புத்தகம் படித்தவன் என்பதால், வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்குவேன். பிறகு கள்ளன் பயத்தில், எல்லோரையும் போல நானும் அந்தச் சுவரின் மேல் கை நுழையாத கம்பிவலை அடைத்தேன். முன்பக்கமும் அப்படியே.

போன ஆடியில் மனைவி அஞ்சுகிராமம் போயிருந்தாள். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கை வேகப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தேன். காற்று கதவை அறைந்தது. உள்தாழ்ப்பாள் தானாக விழுந்தது. தோளால் இரண்டு முறை மோதினேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல் கதவும் உள்ளே பூட்டியிருந்தது. உள்ளே கருகும் வாசனை. கீழே நின்றவர்கள் மிருகக்காட்சிசாலைக்கு வந்ததுபோல அண்ணாந்து பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அவர் பால்கனிக்கு ஓடிவந்தார்.

"சாரே, புகை வருதே. சுவரு சாடி இங்கோட்டு வாங்க."

"எப்படிக்கா?"

வலையைப் பார்த்தவர், வெல்டிங் பட்டறைக்காரரைப் போனில் கூப்பிட்டார். அவர் அக்கா வீட்டு வழியாக வந்து வலையை அறுத்து, சுவரைத் தாண்டி வந்து, என் கதவை நெம்பித் திறந்தார். பின்னாலேயே தாண்டிவந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கள்ளனுக்குப் பயந்தா சாரே இந்த வலைய வச்சிய? எடுக்கதுக்குப் புஸ்தகத்த விட்டா இங்க ஒண்ணும் இல்லியே."