ஹார்லன் மோயன் வீட்டு அலமாரிச் சூடு

ஹார்லன் மோயன் வீட்டு அலமாரி அறை கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில் வெளியே குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இறங்கிக் கிடந்தது. வாசலில் நின்று சுடுதண்ணீரை வீசினால் தரையைத் தொடுமுன் பொடியாகிவிடும். ஊரே சூட்டுக்கு அலைந்த அந்தக் குளிரில், துண்டும் போர்வையும் வைக்கக் கட்டிய ஒரு பொந்தைக் குளிரவைக்கத் தெரியாமல் ஒரு மனிதர் திண்டாடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி லவோன் வீட்டை விட்டுக் கிளம்பி, பனியில் துளை போட்டு மீன் பிடிக்க உறைந்த ஏரியின்மேல் நிறுத்தியிருந்த மீன் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஹார்லன் நம்பினார்.

வடகோடித் துறைமுக ஊரான எங்கள் டூ ஹார்பர்ஸில் ஆண்கள்தான் வீட்டுக்குப் பயந்து மீன் குடிசைக்கு ஓடுவார்கள். பெண் ஓடியது இதுதான் முதல் தடவை. ஓடினார் என்று யாரும் சொல்லவில்லை. மீன் நன்றாகக் கடிக்கிறதாம் என்றுதான் சொன்னோம்.

ஹார்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுசு முழுவதும் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றுகிற மேடையில் வேலை. உருண்டை உருண்டையாகத் தாது கப்பலின் வயிற்றில் கொட்டும்போது வானமே தகரமாகி இடிந்து விழுகிற மாதிரி இருக்கும். காதில் எதையாவது அடைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனி சொல்லும். அடைத்துக்கொண்டவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஹார்லன் கேலிக்கு இடம் கொடுக்கிற ஆளில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் கப்பலை மறந்துவிட்டு கோழி வளர்த்தார்கள். இவர் மாடி ஜன்னலில் ஒரு கேமராவை வைத்து, துறைமுகத்துக்கு வரும் போகும் கப்பலையெல்லாம் படம்பிடித்து இண்டர்நெட்டில் விட்டார். அதற்காகக் கம்ப்யூட்டர்கள், ஹார்ட் டிஸ்க்குகள், மினுக்குகிற பெட்டிகள். எல்லாம் படுக்கையறையை ஒட்டிய அலமாரி அறைக்குள் போயின. துண்டும் போர்வையும் வெளியே வந்தன. ஜனவரியில் துறைமுகம் உறைந்து கப்பல் நின்றுவிடும். கேமரா நிற்காது. மார்ச் கடைசிவரை வெறும் பனியைப் படம்பிடித்துப் பத்திரப்படுத்தும். அதையும் பார்க்க ஆள் இருந்தது. அரிசோனாவுக்குக் குடிபோன எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலில் உட்கார்ந்து எங்கள் பனியைப் பார்த்துத் தங்கள் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் மட்டுமாவது அணைத்து வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். தேவாலயத்தை மூடலாமே என்று கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தப் பெட்டிகளுக்குள் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன ஃபேன்கள் உண்டு. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும். வேகமாகச் சுற்றினால் கொசு கத்துவதுபோல ஒரு கீச்சு. லவோன் ராத்திரி முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஹார்லனுக்கு அது கேட்காது. தாது மேடை தின்றது போக மிச்சமிருந்த காதில் இடி, லாரி, பிரசங்கம் மட்டும் விழும், கொசு விழாது.

எங்கள் ஊரில் முறையிடுகிற பழக்கம் கிடையாது. கால்மேல் வண்டி ஏறினாலும் பரவாயில்லை என்போம். லவோனும் பல மாதம் பரவாயில்லை என்றார். கடைசியில் ஒரு நாள், "அந்த அறை ரொம்ப உற்சாகமா இருக்கு, இல்ல?" என்றார். அது எங்கள் ஊர்க் கணக்கில் கூச்சல். ஹார்லனுக்கு ஏதோ குறை என்பது மட்டும் புரிந்தது; சத்தமாக இருக்கலாம் என்று ஊகித்தார். நல்ல மனிதர். உடனே கதவுக்குப் பின்னால் நுரைப்பஞ்சு ஒட்டினார், இடுக்குக்கெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்தார். காற்று போக வழியில்லை. சூடு ஏறியது. சூடு ஏறினால் ஃபேன் இன்னும் வேகம் பிடிக்கும், இன்னும் கீச்சிடும். அடைக்க அடைக்கச் சத்தம் கூடியது. ஹார்லன் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிட்டது. அரிசோனாவிலிருந்து விசாரிப்பு வந்தது. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். வெளியே இவ்வளவு குளிர் சும்மா கிடக்கிறதே என்று வெளிச்சுவரில் ஓட்டை போட்டு அதை அறைக்குள் விட்டார். வீட்டு ஈரக்காற்று அந்தக் குளிரில் பட்டு, கம்ப்யூட்டர் முதுகில் உறைபனி படிந்தது. மதியம் சூரியன் சுவரில் பட்டதும் அது உருகிச் சொட்டியது. ஒரு ஹார்ட் டிஸ்க், போன வருஷத்துக் கப்பல்களோடு, செத்துப்போனது. ஓட்டைக்குள் காற்று புகுந்து எருமை முனகுவதுபோல முனகியது. அந்த முனகல் மட்டும் ஹார்லனுக்கு நன்றாகக் கேட்டது. "சத்தம்னா இதுதான் சத்தம்" என்று லவோனிடம் சொன்னாராம். மறுநாள் லவோன் தூண்டிலையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார்.

நான் ரெய்னோ, ஹீட்டர் மெக்கானிக். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். குழாயும் காற்றும் சூடும்தான் தெரியும். ஹார்லன் என்னைக் கூப்பிட்டபோது பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்சம் காற்று அடிக்கிறது, நேரம் இருந்தால் பார் என்றார். தாழ்வாரத்தில் கால் வைத்ததுமே அந்தக் கீச்சு என் பல்லில் ஏறியது. அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. குளிரைப் பற்றிப் பேசிவிட்டு நேரே ஏரிக்கு வண்டியை விட்டேன்.

லவோன் பனியில் போட்ட துளைக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பி வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன். கொஞ்சம் குடியேன் என்றார், சிரமம் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது வாங்கிக்கொண்டேன். முறை அப்படி.

"மீன் எப்படி?" என்றேன்.

"பரவாயில்லை."

"குடிசையை மார்ச் நடுவுல, பனி இளகுறதுக்கு முன்னாடி எடுத்தாகணுமே. சட்டம் அப்படி."

"தெரியும். ஃபார்கோவுல எங்க அக்கா வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நல்ல ரூம்."

அக்கா வீட்டு அறையை எங்கள் ஊரில் ஒரு பெண் புகழ்ந்தால் பெட்டி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவர்கிட்ட சத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னங்க?"

லவோன் தூண்டிலை ஒரு தடவை ஆட்டிவிட்டார். "சொன்னா, எனக்குக் கேக்கலையேம்பார். அப்புறம் உக்காந்து யோசிப்பார். காது போச்சுன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிரும். அதுக்கு இந்தக் குளிரே தேவலாம்."

செவிடன் காதில் சங்கு ஊதக்கூடாது என்று ஒரு பெண் ஏரிமேல் போய் உறைந்துகொண்டிருந்தார். இதைக் காதல் என்பதா, கிறுக்கு என்பதா? ரெண்டும் எங்கள் ஊரில் ஒரே கடையில்தான் கிடைக்கும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். ஹார்லனிடம் சத்தம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. எல்லாம் சூட்டுக்காக என்றேன். எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும். முதலில் சுவர் ஓட்டையை அடைத்தேன். கதவின் நுரைப்பஞ்சையெல்லாம் பிய்த்தேன். பாவம், அவர் பார்த்துப் பார்த்து ஒட்டியது. கதவின் அடியில் அகலமாக வெட்டிச் சல்லடைத் தகடு பொருத்தினேன். குளிர்ந்த காற்று கீழே நுழைய வேண்டும், சூடு மேலே வெளியேற வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். கூரையோரம் ஒரு குழாய் போட்டு, நடுவில் ஒரு வளைவு கொடுத்து, உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, பூட்ஸ் கழற்றுகிற முன்னறைவரை கொண்டுபோனேன். அந்தக் கோடியில் பெரிய ஃபேன் ஒன்றை ரப்பர் வாரில் தொங்கவிட்டேன். பெட்டிகளில் இருந்த கொசு ஃபேன்களைக் கழற்றி அகலமான ஃபேன்களை மாட்டினேன்.

"எதுக்குய்யா இவ்வளவு பெருசு?" என்றார் ஹார்லன்.

"பெருசுன்னா மெதுவாச் சுத்தினாப் போதும்."

"மெதுவாச் சுத்தினா என்ன லாபம்?"

வாயில் ஆணியை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

எல்லாம் ஓடத் தொடங்கியது. ஹார்லன் குழாய் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தார். காகிதம் ஆடியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான், மடையன், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நிசப்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"ரெய்னோ. நான் பஞ்சு ஒட்டின பிறகும் இது சத்தம் போட்டுச்சா?"

ஏணியை மடக்கினேன். மடக்க வேண்டிய தேவை இல்லை.

"கொஞ்சம்" என்றேன்.

"லவோனுக்குக் கேட்டுச்சா?"

"கொஞ்சம்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அப்ப அவ மீனுக்குப் போகலை" என்றார்.

குடிசையை இழுக்க ஒத்தாசை வேண்டும் என்று அடுத்த நாள் என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போனார். மார்ச் நடுவுக்கு இன்னும் நாள் கிடந்தது. லவோன் வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஹார்லன் குடிசை வாசலில் குல்லாயைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தக் குளிரில் யாரும் குல்லாயைக் கழற்ற மாட்டார்கள்.

"அந்த ரூம் இப்ப பரவாயில்லை" என்றார். குல்லாயைக் கையில் ஒரு சுற்று சுற்றி, "எனக்குக் காது கேக்கலை லவோன். நீ சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் லவோன். தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் லவோன் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரி அறைக்கு முன்னால் போய் நின்றார். நாங்கள் இருவரும் சமையலறையில் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். முன்னறையில் குழாய் விட்ட வெப்பத்தில் பூட்ஸும் கையுறையும் காய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து அவற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மோசமில்லை" என்றார்.

எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. ஃபார்கோ அக்காவின் அறை சும்மாவே கிடந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். கோடையில் ஹார்லன் யாரிடமும் சொல்லாமல் காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். வீட்டில் எல்லாம் நிசப்தமாக இருந்ததால் கருவி வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டார். குளிர் வந்தது. லவோன் மறுபடியும் தூண்டிலையும் போர்வையையும் எடுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே மீனுக்காக; போன வருஷம் கற்றுக்கொண்டதை விட மனசில்லையாம். ஹார்லனும் கூடப் போனார். பனிமேல் உட்கார்ந்து, போனில் அலமாரி அறையின் சூடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு ராத்திரிதான். மறுநாள் தனியாகத் திரும்பி வந்து நேரே என் பட்டறைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தக் குடிசை கேஸ் ஹீட்டர் பாம்பு மாதிரி சீறுது, ரெய்னோ. கண்ணை மூட முடியலை. அவகிட்ட எப்படிச் சொல்றது? அவளுக்கு அது பழகிப்போச்சு. நீ கொஞ்சம் சூட்டுக்குன்னு சொல்லிப் பாரேன்."

கஷ்டம் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் கஷ்டம் என்றால் வியாழக்கிழமை வருகிறேன் என்று அர்த்தம்; அது அவருக்குப் புரிந்துவிட்டது.