குப்பம்மாளின் பன்னிரண்டாம் தகடு

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குப்பம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். ஆகவே பகலில் அவளுக்குப் பேச வாய் கிடையாது. சாயங்காலம் வாய் கிடைக்கும், ஆள் கிடையாது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் யோசித்திருக்க முடியாது.

இந்த நிலையில் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. சென்னைக் கல்லூரியொன்றில் ஆராய்ச்சி செய்யும் மோகன்குமார், அவள் குடிசைக்கு எதிரே தண்ணீரில் நின்ற கம்பத்தில் பன்னிரண்டு உலோகத் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டான். ஒரு வருஷம் ஊற வேண்டும். வலைக்குக் கட்டுகிற குண்டாக யாரும் கழற்றிப் போகாமல் பார்ப்பதும், மாதாமாதம் அவன் வரும் இரண்டாம் சனிக்கிழமை, தகடுகளில் படகடியில் ஒட்டுகிற கொட்டலசு ஓடுகள் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிச் சொல்வதும் குப்பம்மாள் பொறுப்பு.

இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம், மாங்கனீசு ஐந்தும் அதில் சம பங்கு என்றான். தலைமை யாருக்கும் இல்லை. ஐந்து பேர் சமமாக உட்கார்ந்தும் கட்சி உடையாததை உலகம் இருபது வருஷமாக வியந்துகொண்டிருக்கிறதாம். உறுதியான உலோகம் பட்டென்று முறியும், இழுபடுகிற உலோகம் உறுதியாக இராது என்பதுதான் வழக்கம். இதுவோ இழுக்க இழுக்க உள்ளே மடிப்பு மடிப்பாக விழுந்து, அந்த மடிப்பாலேயே இறுகி, வெகுதூரம் நீண்ட பிறகுதான் அறுமாம். உப்புத் தண்ணீரில் கிடந்தபின்னும் அந்தக் குணம் நிற்குமா என்பதே அவன் கேள்வி. நுண்ணோக்கியில் எடுத்த படத்தையும் போனில் காட்டினான். கோடையில் ஏரித்தரை வெடித்தாற்போல் இருந்தது. இதைப் பார்க்கப் பட்டணம் போய்ப் படிக்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். விடுதியில் இதைக் காதுகொடுத்துக் கேட்பவர் இல்லாததால், அவன் கோபப்படாமல் ஒரு மணிநேரம் விளக்கினான்.

பதினோராம் மாதம் அவன் எச்சரித்தான்: தேய்த்துவிடக் கூடாது, தேய்த்தால் முதலிலிருந்து இன்னொரு வருஷம் ஊறப்போட வேண்டும். அவன் எச்சரிக்கையாகச் சொன்னான். அவள் தகவலாக வாங்கிக்கொண்டாள்.

அவன் கடைசியாக வரவேண்டிய சனிக்கு முந்தின நாள் புளியும் மணலும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முதல் தகடு கண்ணாடியாகப் பளபளத்தது. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது, படிப்பு எப்போது முடியும் என்று அவன் அம்மா ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவன் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. தகட்டைத் தேய்க்காமல் தண்ணீரிலேயே விட்டாள்.

மறுநாள் அவன் வந்தான்.

"இன்னாக்கா இது?"

"அழுக்கா கீதேன்னு தேச்சிட்டேன் நைனா."

மற்றவற்றை எண்ணிப் பார்த்தான். "போவுது விடுங்க. பதினொண்ணு போதும்."

"தேச்சா மறுபடி ஊறப்போடணும்னியே?"

"எல்லாம் கெட்டாத்தான்க்கா."

கம்பத்திலிருந்து பன்னிரண்டையும் அவிழ்த்தான். பிறகு பளபளத்ததை அவள் கையில் கொடுத்து, "இத நீங்களே வெச்சுக்குங்க" என்றான். பதினொன்றையும் பையில் போட்டுக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினான்.

அவள் அதை அதே கம்பத்தில், அதே கயிற்றில் கட்டினாள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. குப்பம்மாள் கம்பத்தருகே வந்து, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தகட்டைத் தூக்கி ஓடுகளை எண்ணினாள். பஸ் வருகிற பக்கம் திரும்பி, "நாலு" என்றாள்.

பறியை மறுபடி கவ்விக்கொண்டு குனிந்தாள்.