ரத்தம் கொடுக்க வேனில் வந்தவர்கள்

காலை பதினொன்றே முக்காலுக்கு ரத்த வங்கிப் பெண் கதவைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை, என் மகளுக்கு ரத்தம் கொடுக்க ஒரு வேன் நிறைய ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டரைக்குப் பார்த்தால் வேனே இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடியிருந்தது. முதல் நாள் தொடங்கிய ரத்தப்போக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. துடியலூரிலிருந்து அவளைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். அன்றைக்கே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்துவிட வேண்டும், ஆனால் இரண்டு பாட்டில் ரத்தம் கைவசம் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளுடைய வகை ரத்தம் வங்கியில் இருந்தது. நம் ஆட்கள் எந்த வகையாக இருந்தாலும் சரி, இரண்டு பேர் கொடுத்தால் பதிலுக்கு அதில் இரண்டு பாட்டில் தருவார்கள். அதுதான் அங்கே முறை.

என் கணவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். அவரைத் தொடவே மாட்டோம் என்றார்கள். எனக்கு விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலநிறத் தண்ணீரில் விட்டார்கள். மூழ்கியிருக்க வேண்டிய சொட்டு மிதந்தது. "உங்களுக்கே ரத்தம் பத்தலீங்கம்மா" என்று அந்தப் பெண் பஞ்சைக் கையில் வைத்து அனுப்பினாள்.

அதனால் என்ன, எங்களுக்கு ஆளா இல்லை? சம்பந்தி, அதாவது என் மருமகனின் அப்பா, விடிந்ததும் வேனில் சனத்தோடு வந்து இறங்கினார். மாமன், மச்சான், பங்காளி என்று எல்லாரும் வெள்ளை வேட்டி. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, ஏதோ கல்லூரி விடுதியிலிருந்து இரண்டு மாணவர்களும் ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். சம்பந்தி அவர்கள் தோளில் கைபோட்டார்.

"தம்பீ, படிக்கற புள்ளைங்க நீங்க, உங்களுக்கெதுக்கு சிரமம்? காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க. எங்க சனத்துலயே ஒரு வேன் ஆளு இருக்குது. கண்டவன் ரத்தம் எங்கூட்டுப் புள்ளைக்கு ஏறப்படாது."

அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தாலும் என் மகளுக்கு ஏறப்போவது வங்கியில் இருக்கும் யாரோ ஒருவருடைய ரத்தம்தான் என்பது சம்பந்திக்குப் புரியவில்லை. இருமுறை விளக்கிப் பார்த்தேன். பொம்பளைக்கு ஆஸ்பத்திரி விஷயம் என்ன தெரியும் என்பதுபோல் சிரித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பெண் வந்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் சாப்ட்டீங்களா? வெறும் வயித்துல குடுக்கக் கூடாதுங்க. எடுக்கற ரத்தத்தக் காமாலை, எய்ட்ஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணுவோமுங்க. சந்தேகமா இருந்தா அந்த பாட்டலத் தூக்கிப் போட்டுருவோம். மொதல்ல ரெண்டு பேரு வாங்க."

யாரும் அசையவில்லை. ஒரு பங்காளி மட்டும் கேட்டார்.

"அது, யாரு ரத்தம்னு எப்படிங்க தெரியும்?"

"பாட்டல்ல நம்பர் இருக்குமுங்க."

"நம்பரு யாருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க, மாறவே மாறாது. பயப்படாதீங்க" என்று அவள் சிரித்தாள். கலந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார் என நினைத்திருப்பாள், பாவம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. ஒருவருக்குப் பன்னிரண்டு மணிக்கு மூணு பேஸ் கரண்டு வரும், மோட்டார் போட வேண்டும். ஒருவருக்கு ஈரோட்டில் மஞ்சள் ஏலம். ஒருவர் பழனிக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார். கழுத்தில் மைனர் செயின்தான் இருந்தது. "நேத்து கொஞ்சம் சாப்ட்டுட்டேனுங்க அத்தை, அந்த ரத்தம் ஆகாது" என்று என் முகத்துக்கு நேரே ஒருவன் சொன்னான். பெரியவர்களைக் கண்டால் பீடியை உள்ளங்கையில் மறைக்கிற சனம் இது. குடித்ததை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமில்லை. அதற்குக் கீழே ஒளித்து வைத்திருப்பது அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது.

இவர்கள்தான் எய்ட்ஸ் என்றால் லாரிக்காரனுக்கும் பம்பாய்க்காரனுக்கும் வருவது, நம்ம மண்ணுக்கு வராது என்று கல்யாணப் பந்தியில் சத்தமாகப் பேசியவர்கள். பேருந்து நிலையச் சுவரில் ஆணுறை விளம்பரம் எழுதியபோது, வயசுப் பிள்ளைகள் போகிற வழி என்று சண்டைக்குப் போய்ச் சுண்ணாம்பு அடிக்க வைத்தவர்கள். வெளிநாட்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சாகக் கிடந்தவனும் எழுந்து வேலைக்குப் போகிறான் என்று அப்போதுதான் செய்தித்தாளில் படித்திருந்தேன். உலகம் மருந்து தேடிக்கொண்டிருந்தது. எங்கள் சனம் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது.

கடைசியில் நழுவியவர், அதே வேனில் வந்திருந்த என் சொந்த அண்ணன். சூலூரில் தறி ஓட்டுகிறார், இரண்டு லாரி வைத்திருக்கிறார். லோடோடு தானும் வடக்கே போய் வாரக்கணக்கில் தங்கி வருவார். என் மகளுக்குத் தாய்மாமன். காது குத்தியது அவர் மடியில். சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்து, மைக்கில் தன் பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தவர். கேட்வரை அவர் பின்னால் ஓடினேன்.

"அண்ணா, ஒரு பாட்டல்தானுங்க."

"எனக்கென்ன பயமா அம்மணி? மருவாதின்னு ஒண்ணு இருக்குதல்ல? எவளோ ஒருத்தி நம்பர மாத்தி எழுதிப்போட்டா, நாளைக்கு என்ற புள்ளைய எவன் கட்டுவான்?"

"உள்ள என்ற புள்ள சாகக் கெடக்கறா."

"வாயக் கழுவு. டயர் மாத்தக் குடுத்திருக்கறேன், பாத்துப்போட்டு வாரேன்னுதானே சொல்றேன்."

போனார். வேன் அவருக்காகத்தான் காத்திருந்தது.

என் மருமகன் மட்டும் தன் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனான். ஒரு பாட்டில் ஆயிற்று. இன்னொன்று வேண்டும். சம்பந்தி பெஞ்சில் உட்கார்ந்து மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். வயது தாண்டிவிட்டதாம். "அந்தக் காலேஜுப் பசங்க எந்தக் காலேஜுங்க?" என்று என்னிடமே கேட்டார். யாருக்குத் தெரியும்? என் கணவர் டீக்கடை டீக்கடையாக அந்தப் பையன்களைத் தேடிப் போனார். வாசலில் ஒரு தரகன் அவர் கையைப் பிடித்து, "காசுக்கு ரத்தம் குடுக்க ஆளு இருக்குதுங்க, உடனே படுத்துருவான்" என்று கண்கள் மஞ்சளாயிருந்த ஒருவனைக் காட்டினானாம். கையை உதறிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதார் என்றே நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. உள்ளே நர்ஸ் மறுபடி துணி மாற்றுவது தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கடை எஸ்டிடி பூத்திலிருந்து சூலூருக்குப் போன் போட்டேன். நங்கையாதான் எடுத்தாள். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அண்ணனை ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் போட்டேன். அவள் குரலைக் கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது. ரத்தம், டெஸ்ட், நம்பர், டயர்.  தறிச் சத்தத்துக்கு மேலே, "வாரேன்" என்றாள். போன் வைக்கப்பட்டது.

என்ன செய்ய வருகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணிடமும் ரத்தம் எடுப்பார்கள் என்பது, காலையில் எனக்கே விரலில் குத்திப் பார்த்த பிறகும், அங்கே யார் புத்தியிலும் ஏறவில்லை.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள், உள்ளங்கைகளில் அடங்குகிற அளவு. இருவரும் பிழைத்தார்கள். ஆனால் எனக்கு இன்றும் மறக்காதது அதற்கு முன்னால் நடந்த சில நிமிடங்கள்தான். நங்கையா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்வை வழிய மாடியேறி வந்தாள். சம்பந்தி எழுந்து, "வாங்க அம்மணி, அண்ணன் வரலீங்களா?" என்றார். அவள் அவரைத் தாண்டி நேராக ரத்த வங்கிக் கதவுக்குப் போனாள்.

"என்ற பேர எழுதிக்குங்க கண்ணு" என்றாள் அந்தப் பெண்ணிடம். "எங்கூட்டுக்காரரு காச்சல்னு கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கறாரு. கல்யாணமாகி வந்ததுலிருந்து அவரு காச்சல்னு படுத்து நான் பாத்ததில்ல. டெஸ்ட்டு நல்லாப் பண்ணுங்க. நல்ல ரத்தமா இருந்தா எங்க புள்ளைக்கு ஆவட்டும். இல்லீன்னா எனக்கு மட்டும் சொல்லுங்க. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."